படுகளத்து மண்

கொள்ளைநோய்க்குப் பிறகு மிஞ்சியவர்கள் எப்படி வாழ்வார்கள் என்று உலகம் தொடர் எடுத்துக்கொண்டிருக்கிறது. செஞ்சிச் சீமையில் அந்தக் கதையை விடிய விடிய ஆடுகிறார்கள்.

2020 மார்ச் 24 பங்குனி அமாவாசை. வேறு அமாவாசையாக இருந்தால் அன்று சாயங்காலம் செஞ்சி பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்குப் போகிற கூட்டம் சென்னை, வேலூர், புதுச்சேரி என்று நாலா பக்கமிருந்தும் வந்து இறங்கும். எலுமிச்சம்பழக் கூடைகள் நடைபாதையை அடைத்துக்கொள்ளும். அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாளைக்கு யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார். நான் மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். நிலா இல்லாத வானத்தில் ராஜகிரி மலை கறுப்பாக நின்றது. மலையனூர் சாலையில் ஒரு பேருந்துகூட இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அமாவாசை இரவில் அந்தச் சாலை அப்படிக் கிடந்ததில்லை.

நான்காம் நாள், மார்ச் 28, தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தைத் திரும்பவும் ஒளிபரப்ப ஆரம்பித்தது. டிடி பாரதியில் பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம். நாடே உட்கார்ந்து பார்த்தது. அதே பங்குனியில்தான் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறியிருக்க வேண்டும். பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக ஆடி மாதம் வரைக்கும் ஊர் ஊராக நடந்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. டிவியில் பாரதம் ஓடியது. பாரதம் ஆடிப் பிழைப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. ஆனால் அவர்களிடம் நான் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்றுவழி.

கொள்ளைநோயில் உலகம் செத்துப்போய், மிஞ்சிய சிலர் என்ன செய்தார்கள் என்கிற கதை தொலைக்காட்சிக்கு நெடுநாள் பழக்கம். 1975 ஏப்ரலில் பிபிசியில் ‘சர்வைவர்ஸ்’ என்றொரு தொடர் தொடங்கியது. டெர்ரி நேஷன் உருவாக்கியது. 1977 வரை 38 பகுதிகள் வந்தன. ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கைதவறி உடைகிறது. விமானம் ஏறிய நோய் ஊர் ஊராக இறங்குகிறது. ஆபி கிராண்ட் என்கிற தாய் பிழைத்து எழுந்து, விடுதிப் பள்ளியில் படிக்கும் மகனைத் தேடிப் போகிறாள். மகன் அங்கே இல்லை. ஒரு வயதான ஆசிரியர் இருக்கிறார். கடையில் மிச்சம் கிடப்பதை எடுத்துத் தின்று எத்தனை நாள் ஓடும், இனி எல்லாவற்றையும் கையால் செய்யக் கற்க வேண்டும் என்கிறார் அவர். தொடரின் உயிரே அந்த இடம்தான். பிறகு வருகிற பகுதிகளில் எல்லாம் உழவு, உப்பு, விதைத் தானியம் போன்ற கவலைகள்தாம்.

அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த 1975 மே மாதத்தில்தான் இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். இங்கிலாந்து வரவேற்பறையில் உட்கார்ந்து திகிலோடு பார்த்த கற்பனை, நமக்கு அப்போதுதான் முடிந்துகொண்டிருந்த அனுபவம். எங்கள் ஊரில் முகத்தில் அம்மைத் தழும்பு உள்ள பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழுக்குப் பின்னால் அந்தப் பயத்தின் நினைவு இருக்கிறது.

என்னை உலுக்கிய தொடர் அதுவல்ல, ‘ஸ்டேஷன் லெவன்’. எமிலி செயின்ட் ஜான் மாண்டல் 2014இல் எழுதிய நாவலைப் பாட்ரிக் சாமர்வில் தொடராக்கினார். 2020 ஜனவரியில் சிகாகோவில் படப்பிடிப்பு ஆரம்பித்தார்கள். கொஞ்சம் எடுப்பதற்குள் நிஜக் கொள்ளைநோயே வந்து நிறுத்திவிட்டது. மிச்சத்தைக் கனடாவில் எடுத்து 2021 டிசம்பரில் வெளியிட்டார்கள். பத்துப் பகுதிகள். இரண்டு இராத்திரியில் பார்த்து முடித்தேன்.

காய்ச்சலில் ஏறக்குறைய எல்லோரும் செத்துப்போன அமெரிக்காவில், இருபது வருஷம் கழித்து ஒரு நாடகக் குழு இருக்கிறது. எண்ணெய் இல்லாத மோட்டார் வண்டிகளைக் குதிரைகள் இழுக்க, பெரிய ஏரியைச் சுற்றி வருஷா வருஷம் அதே வட்டத்தில், அதே ஊர்களுக்குப் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் போடுகிறது. குழுவில் கிர்ஸ்டன் என்றொரு பெண். நோய் வந்தபோது சிறுமி. அப்பா அம்மா இறந்த செய்தி அவளுக்கு ஃபோனில் எழுத்தாகத்தான் வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, அடக்கத்துக்குப் போகவில்லை. இருபது வருஷம் கழித்து அவள் ஹாம்லெட் வேடத்தில், செத்த அப்பனுக்காக அழும் மகனாக மேடையில் நிற்கும்போது, அந்தப் பழைய செய்தியும் இந்த வசனமும் மாறி மாறி வருகின்றன. அப்போதுதான் அவள் அழுகிறாள்.

அந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். இதை நான் பார்த்திருக்கிறேன். திரையில் இல்லை, தெருவில்.

மேலச்சேரி

செஞ்சிக்கு அருகே மேலச்சேரி இருக்கிறது. பழைய செஞ்சி என்று அதைச் சொல்வார்கள். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் இந்தப் பகுதியின் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் தாய்க்கோயிலாகக் கருதுகிறார்கள். கதை இது. பாண்டவர் வழியில் வந்த சுனிதன் என்ற ராஜா செஞ்சியை ஆண்டபோது, நூறு தலை அசுரன் ஒருவனால் நாடு அல்லல்பட்டது. ராஜா வேள்வி வளர்த்தான். நெருப்பிலிருந்து திரௌபதி மறுபடியும் பிறந்து வந்து அசுரனை அழித்தாள். கடைசித் தலையைக் கீழே போட்டால் போட்டவன் தலை வெடிக்கும். அதனால் காவல்தெய்வம் போத்துராஜா அதைக் கையில் ஏந்தியபடியே இன்றுவரை நிற்கிறார். குருக்ஷேத்திரத்தில் முடிந்த கதை எங்கள் ஊரில் இரண்டாம் முறை தொடங்கியது என்று நம்புகிற சீமை இது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்தக் கோயில்களில் ஆண்டுக்கணக்காக அலைந்து எழுதிய நூலின் முதல் தொகுதி 1988இல் வந்தது. ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்பதுதான் அதன் துணைத்தலைப்பு.

கூத்துக் குழுவை எங்கள் பக்கம் ஜமா என்போம். பதினைந்து பேர் அளவில் இருப்பார்கள். வாத்தியார் ஒருவர், மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை, மீதி வேடக்காரர்கள். பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். கோயிலில் காப்புக் கட்டும் முன்பே ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து ஜமாவைப் பேசிவிடுவார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்துச் செய்தவை. அந்த மரம் கனமற்றது. ஆனாலும் இராத்திரி முழுக்கச் சுமந்து கிறுக்கி சுற்றி ஆடினால் விடியும்போது தோள் புண்ணாகியிருக்கும். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகத் திரையைப் பிடித்து நிற்க, அதற்குப் பின்னால் வேடக்காரர் குரல் கொடுப்பார். முகம் தெரியாது, பாதத்துச் சலங்கை மட்டும் தெரியும். திரை விலகும்போது துரியோதனன் நிற்பான். நேற்று அதே ஆள் நம் வயலில் நாற்று பிடுங்கியிருக்கலாம். யாரும் அதை நினைக்க மாட்டார்கள்.

வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று கதை இரவுக்கு இரவு ஏறிக்கொண்டே போகும். கடைசி நாள் காலையில் படுகளம். ஊருக்கு வெளியே திடலில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை ஒரு வீட்டளவு நீளத்துக்கு வடித்திருப்பார்கள். வண்ணம் பூசி, மீசை வரைந்து, தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் வைத்திருப்பார்கள். விடிய விடிய ஆடிச் சிவந்த கண்ணோடு பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடுவார்கள். பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கும். சிவப்பு தெறிக்கும். திரௌபதி கூந்தலை முடிவாள்.

வெளியூர்க்காரர்கள் இதைப் பழிவாங்கும் காட்சி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு அப்புறம் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வருவாள். செத்துக் கிடக்கும் புருஷன் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பாள். அந்த ஒப்பாரி கூத்துக்காரரின் தொண்டையிலிருந்து வருகிறதா, கூட்டத்துப் பெண்களிடமிருந்து வருகிறதா என்று கொஞ்ச நேரத்தில் பிரிக்க முடியாது. சில ஊர்களில் இளம் பஞ்சவர் என்று ஊர் ஆண்கள் ஐந்து பேர் பிணமாகப் படுப்பார்கள். வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும். பூசாரி வந்து தீர்த்தம் தெளித்து எழுப்புவார். எழுந்திருப்பார்கள். சாயங்காலம் ஊர் தீ மிதிக்கும்.

பேரழிவு, மிஞ்சிய ஒரு பெண், செத்தவர்களுக்காக ஊர் கூடி அழுகை, பிறகு எழுந்து நெருப்பைக் கடப்பது. கொள்ளைநோய்த் தொடர்கள் எல்லாம் தேடித் தடவுகிற கதை இதுதான்.

மதில்கள்

இந்த வகைத் தொடர்களில் கோட்டை போல ஒரு இடம் தவறாமல் வரும். ‘ஸ்டேஷன் லெவ’னில் ஒரு விமான நிலையம். உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பிழைக்கிறார்கள். பழைய உலகத்துச் சாமான்களை வைத்து அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். எங்களுக்கு அது புரிகிற விஷயம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் மதிலால் கட்டிப் பிணைத்த கோட்டை எங்கள் சன்னலுக்கு வெளியே நிற்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை வெளியே முற்றுகையிட, மராட்டிய ராஜாராம் உள்ளே தாக்குப்பிடித்த கோட்டை. களஞ்சியம், யானைக்குளம், மலை உச்சிக்கு ஏறும் வழியில் பள்ளத்தைத் தாண்டப் பாலம், உச்சியிலும் வற்றாத சுனை. முற்றுகையை வெல்ல மனிதன் யோசித்ததெல்லாம் இங்கே கல்லாக இருக்கிறது.

நோய்க்கு முன்னால் அந்தக் கல் எதுவும் செய்யவில்லை. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போகும் வரையிலான பத்துச் சொச்சம் வருஷத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களை இங்கே சாகக் கொடுத்தார்கள் என்று பழைய ஆங்கிலப் பதிவுகள் சொல்கின்றன. உடம்புக்கு ஆகாத ஊர் என்று செஞ்சி அந்தக் காலத்துப் படைகளிடம் பெயர் எடுத்திருந்தது. அத்தனை உயரமான மதிலுக்குள், எதிரி வராமலே.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் படைநிலைகள் என்ற வரிசையில் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். பெருமையாகத்தான் இருக்கிறது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் மேலச்சேரிக்கும் ஒரு நடை போய்விட்டு வர வேண்டும் என்பது என் ஆசை. 1714இல் கோட்டைக்காகச் செத்த இருபத்திரண்டு வயது தேசிங்கு ராஜாவை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது மதிலா, பாட்டும் கூத்துமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பருவம்

2020 மே முதல் வாரம். சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் வழியாக விழுப்புரம் மாவட்டத்தில் தொற்று ஒரேயடியாக ஏறியது. தெருக்களை மூங்கில் கட்டி அடைத்தார்கள். மூட்டை தூக்கப் போன பிள்ளைகளை ஊர் எல்லையில் நிறுத்திப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அந்த வருஷப் பாரதம் போயிற்று. சரி, அடுத்த பங்குனிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். 2021இல் கொடி ஏறத் தொடங்கிய நேரத்தில், ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்கு மறுபடி தடை. மே 10 முதல் முழு ஊரடங்கு. இரண்டாம் பருவமும் போயிற்று.

கூத்துக்காரருக்கு வருஷம் என்பது அந்த நான்கைந்து மாதம்தான். அதில் வருவதை வைத்துத்தான் மீதியை ஓட்ட வேண்டும். நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு அரசின் நிவாரணத் தொகை வந்தது. பதியாமல் விட்டவர்களுக்கு அதுவும் இல்லை. சிலர் கட்டட வேலைக்குப் போனார்கள். சிலர் நூறு நாள் வேலைக்கு. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை இறக்கியவர்களும் உண்டு. சிலர் எமன் வேடம் கட்டிக்கொண்டு முகக்கவசம் போடச் சொல்லித் தெருத்தெருவாக விழிப்புணர்வு செய்தார்கள். ராஜா வேடம் கட்டி நின்ற ஒருவர் சாலை ஓரம் அப்படி நின்றதை நான் பார்த்தேன். அவரை எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள அன்று மனம் வரவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

2021 கடைசியில் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். வேடப்பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினார். பேசவில்லை. கிரீடத்தின் பின்பக்கம் செல்லரித்திருந்தது. தொட்டால் மாவாக உதிர்ந்தது. முன்பக்கத்தில் கண்ணாடிச் சில்லுகள் அப்படியே மின்னின. விரலால் அந்த மாவைத் துடைத்து வேட்டியில் தேய்த்துக்கொண்டார். பெட்டியை மூடும் முன், பழக்கத்தில் ஒருமுறை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நம் திரை இதை எடுத்ததா? 2020 அக்டோபரில் ‘புத்தம் புதுக் காலை’ வந்தது. ஊரடங்கை வைத்து ஐந்து குறும்படங்கள். 2022 பொங்கலுக்கு ‘புத்தம் புதுக் காலை விடியாதா’. அவற்றில் மனத்தைத் தொட்ட இடங்கள் உண்டு. இரண்டாவது தொகுப்பில் பாலாஜி மோகன் காவலர்களை வைத்து எடுத்த படம் தெருவுக்காவது வந்தது. ஆனால் பெரும்பாலும் அவை அடுக்குமாடி வீடுகளின் கதை. உள்ளே இருக்க வீடும், வீட்டுக்குள் பிரிந்து உட்கார அறைகளும் உள்ளவர்களின் கதை. மெகா சீரியல்கள் 2020 நடுவில் படப்பிடிப்புக்குத் திரும்பின. கதைக்குள் அந்த நோய் பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வீடு சாவு விழுந்த மாதத்திலும் சீரியலில் மாமியார் மருமகளுக்கு எதிராகச் சதி செய்துகொண்டிருந்தார்.

இதைக் குறையாகவே சொல்கிறேன். கொள்ளைநோய்க்குப் பின் மிஞ்சிய மனிதனைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல தொடர் வர வேண்டும். அதை எடுப்பவர்கள் சிகாகோவைப் பார்க்க வேண்டாம். இரண்டு பருவம் ஆடாமல் கிடந்து, ஆள் குறைந்து, பெண் வேடம் கட்டியவர் போய்ச் சேர்ந்து, பின்பாட்டுக்காரர் சென்னையில் காவலாளி வேலையில் தங்கிவிட, மூன்றாம் வருஷம் மறுபடி ஒரு ஊரில் வெற்றிலை பாக்கு வாங்கிய ஒரு ஜமாவின் கதையை எடுக்கட்டும். அடவு மறந்து போயிருக்குமா, குரல் ஏறுமா, திரை பிடிக்க ஆள் உண்டா. பத்துப் பகுதிக்கு அது தாங்கும்.

2022 வைகாசி

2021 மே மாதத்தில் என் மாமா இறந்தார். அத்தையின் கணவர். மருத்துவமனையில் சேர்த்த நாளுக்குப் பிறகு அத்தை அவரைப் பார்க்கவில்லை. ஒரு இரவு ஃபோன் வந்தது. காலையில் வண்டி வந்தது. நீலப் பையைச் சுற்றி ஜிப் போட்டிருந்தார்கள். முகத்தையாவது காட்டச் சொல்லி நாங்கள் கேட்டோம், முடியாது என்றார்கள். சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. எங்கள் தெருவில் பத்துப் பேர்கூட வரவில்லை. மாரடித்து அழ எதிரே ஒரு பெண் உட்கார வேண்டுமே, யாரும் உட்காரவில்லை. பறையும் இல்லை. அத்தை அழவே இல்லை. கருமாதி முடிந்தும் அழவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது பயமாக இருந்தது.

அடுத்த வைகாசியில் பக்கத்து ஊரில் பாரதம் வைத்தார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு. கடைசி நாள் காலையில் அத்தை தானாகவே கிளம்பினாள். படுகளத்தில் கூட்டம் தாங்கவில்லை. மண் துரியோதனன் இன்னும் ஈரமாக இருந்தான். திரை பிடித்த இருவரில் ஒருவன் புதுப் பையன், கை நடுங்கியது, துணி ஒரு பக்கம் தாழ்ந்து தாழ்ந்து ஏறியது. பீமன் வேடக்காரருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு சுற்று ஓடிவிட்டு நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார், மறுபடி ஓடினார். தொடை உடைந்தது. பெருந்திருவாள் வந்து விழுந்தாள்.

ஒப்பாரி ஏறி இரண்டாவது அடி வருவதற்குள் என் பக்கத்தில் இருந்த அத்தை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்விட்டாள். மண்ணுடம்பின் தோளண்டை உட்கார்ந்து தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டாள். மாமாவின் பெயரைச் சொல்லி அழுதாள். பக்கத்தில் இன்னொருத்தி வேறு ஒரு பெயரைச் சொல்லி அழுதாள். அப்புறம் இன்னொருத்தி. பெருந்திருவாள் வேடம் கட்டியவர் தன் பாட்டை நிறுத்தவில்லை. அந்தப் பெண்களின் அழுகைக்கு இடம் விட்டு, குரலைத் தாழ்த்தி, அவர்கள் ஓய்ந்த இடத்தில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முகவீணைக்காரர் கண்ணைத் துடைத்துவிட்டு ஊதினார்.

வெயில் ஏறியபிறகு அத்தையைக் கைத்தாங்கலாக எழுப்பினேன். “போதும் வா அத்தை” என்றேன்.

“அன்னைக்கு அழ விட்டாங்களாடா என்னை?” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

கூட்டம் கலையும்போது ஆளாளுக்குத் துரியோதனன் மேல் கைவைத்து மண்ணைப் பெயர்த்தார்கள். படுகளத்து மண் நெல்லோடு இருந்தால் குறையாது என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அத்தை ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவாமல் நேராக உள்ளே போய், குதிர் இருந்த மூலையில் இப்போது நிற்கும் நீல நெல் டிரம்மின் மூடியைத் திறந்து, முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள். இன்னும் ஈரம் காயாத மண். நெல் மேல் செம்மையாகப் பரவிக் கிடந்தது. அதை ஒரு தடவை கையால் நிரவிவிட்டு, “தண்ணி போடுடா, குளிக்கணும்” என்றாள்.